வாட்டர் வாஷ் தண்ணி மழைநீர் வடிகால்ல போகுதுன்னு நோட்டீஸ்: அடுத்து என்ன பண்றது?

#1 வாட்டர்வாஷ்காரன்

வணக்கம் மக்களே. சென்னைக்குத் தெற்கே புறநகர்ல வாட்டர் வாஷ் கடை நடத்துறேன். டூவீலர், கார் ரெண்டும். கூடவே ஆயில் சேஞ்ச், பிரேக் வேலைன்னு சின்னச் சின்ன சர்வீஸ். இடம் வாடகை.

ராம்ப்புக்கு அடியில ஒரு மணல் குழி இருக்கு. அதுலேருந்து நாலு இஞ்ச் பைப்பு நேரா ரோட்டோர மழைநீர் வடிகாலுக்குப் போகுது. நான் கடை எடுக்கும்போதே அந்த பைப்பு அப்படித்தான் இருந்துச்சு.

போன வாரம் உள்ளாட்சியிலிருந்து ரெண்டு பேர் வந்தாங்க. மழை பெஞ்சு ரொம்ப நாள் ஆச்சு, ஆனா எங்க தெரு வடிகால்ல மட்டும் வெள்ளையா நுரை ஓடிட்டே இருக்கு, யாரோ புகார் குடுத்திருக்காங்க. ஸ்லாப்பைத் தூக்கிப் பார்த்தாங்க, பைப்பு வாயை போட்டோ எடுத்தாங்க, கிளம்பிட்டாங்க. ரெண்டு நாள்ல நோட்டீஸ். இணைப்பை உடனே துண்டிக்கணும், 7 நாளுக்குள்ள எழுத்துல விளக்கம் தரணும். நகல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குன்னு கீழ போட்டிருக்கு. அதைப் பார்த்ததுலேருந்துதான் தூக்கமே போச்சு.

பைப்பு போட்டது பழைய ஆளு, இடம் ஓனரோடது. நான் எப்படிப் பொறுப்பு? எங்க ஏரியாவுல பாதாளச் சாக்கடையும் கிடையாது, வேற எங்கதான் விடுறது? பின்னாடி மழைநீர் சேகரிப்புக் குழி ஒண்ணு இருக்கு. பேசாம அதுல திருப்பி விட்டுட்டா பிரச்சினை முடிஞ்சிடுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 காசிமேட்டான்

தலைவா, இதெல்லாம் வருஷா வருஷம் அக்டோபருக்கு முன்னாடி நடக்குற கூத்து. கொடுக்குறதைக் கொடுத்துட்டு வேலையைப் பாரு.

#3 பிளம்பர்பாண்டி

@காசிமேட்டான் அப்படி ஒருதடவை கொடுத்தா தீபாவளிக்கு வருவாங்க, பொங்கலுக்கும் வருவாங்க. பைப்பு அங்கேயேதான் இருக்கும். எங்க பக்கம் ஒரு டிங்கரிங் கடைக்காரர் இப்படியே ஓட்டினாரு. ஆபீசர் மாறினதும் மொதல்லேருந்து ஆரம்பிச்சுது.

வாட்டர்வாஷ் அண்ணே, அந்த சேகரிப்புக் குழி யோசனையை மட்டும் தயவுசெஞ்சு விட்டுருங்க. மீதியை அப்புறம் சொல்றேன்.

#4 ஓய்வுபெற்றபொறியாளர்

தம்பி, பதற்றப்பட வேண்டாம். ஆனால் அசட்டையாகவும் இருக்க வேண்டாம். நான் இந்தத் துறையில்தான் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பமே இல்லை. 1974-ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டம், அந்த இடத்தின் நடவடிக்கைகள் யார் கட்டுப்பாட்டில் இருக்கின்றனவோ அவரைத்தான் பிடிக்கும். கட்டடத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று அது கேட்பதில்லை. வண்டி கழுவுவது நீங்கள், மோட்டாரைப் போடுவது நீங்கள். ஓனரிடம் செலவைப் பங்கு போடச் சொல்வது உங்கள் இருவருக்கும் உள்ள வாடகை விவகாரம். அதை விளக்கக் கடிதத்தில் எழுதாதீர்கள். "பைப்பு நான் போட்டதல்ல" என்று தொடங்கும் கடிதங்களைக் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன், ஒன்றுகூட யாருக்கும் உதவியதில்லை.

சேகரிப்புக் குழிக்குத் திருப்பினால் இன்னும் பெரிய வம்பு. அந்தச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு ஓடையை மட்டும் சொல்லவில்லை. கிணறு, சாக்கடை, நிலம் எல்லாமே அதில் வருகின்றன. 2003-இலிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழிகள் கூரைத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்குவதற்காகத் தோண்டப்பட்டவை. அதில் டீசலும் ஷாம்பும் கலந்த தண்ணீரை விட்டால் நேரே பக்கத்து வீட்டு போர்வெல்லுக்குப் போகும். வடிகாலில் நுரை ஓடினால் கண்ணுக்காவது தெரிகிறது. நிலத்தடிக்குப் போனது தெரியவே தெரியாது.

பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதற்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். மாலையில் எழுதுகிறேன். அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள்: இன்றே அந்த பைப்பை அடைத்துவிட்டு, தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள்.

#5 நியாயஸ்தன்

சார் சொல்றதெல்லாம் சரி. ஒரு கேள்வி கேக்கலாமா? எங்க ஊர்ல சாக்கடை பம்பிங் ஸ்டேஷன் மோட்டார் ரிப்பேர் ஆனா அந்தத் தண்ணி எங்க போகுது? இதே மழைநீர் வடிகால்லதான். செப்டிக் டேங்க் லாரி ராத்திரி எங்க கவுக்குறான்? அதுலதான். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அப்போ மணலி எண்ணெய் ஆலைப் பக்கத்துலேருந்து வெள்ளத்தோட எண்ணெய் வந்து பக்கிங்காம் கால்வாய், எண்ணூர் முகத்துவாரம் எல்லாம் கறுப்பாப் போச்சு. படகு, வலை, அலையாத்தி மரத்தோட வேர் வரைக்கும் தார் ஒட்டின மாதிரி இருந்ததை டிவியில பார்த்தோம். அதெல்லாம் விட்டுட்டு நாலு வண்டி கழுவுறவனைப் புடிக்க வந்துட்டாங்க.

#6 மெஸ்மீனாட்சி

நியாயஸ்தன் தம்பி, கோபம் நியாயம்தான். ஆனா இந்தத் தம்பிக்கு வந்திருக்குற நோட்டீஸ்ல எண்ணூர் பேரு இல்ல, இவர் கடைப் பேருதானே இருக்கு?

எங்க மெஸ்ஸுக்கும் இந்த மாதிரி ஒரு வெவகாரம் வந்துச்சு, அதனால சொல்றேன். பின் சந்துல அண்டா குண்டா எல்லாம் போட்டுக் கழுவுவோம். சோத்துப் பருக்கை, எண்ணெய்ப் பிசுக்கு, சாம்பார்க் கசடு அப்படியே வழிஞ்சு ரோட்டோர வடிகாலுக்குள்ள போகும். எண்ணெய் சூடா இருக்குற வரைக்கும் ஓடிடும், வடிகால் உள்ளே போய் ஆறினதும் ஓரமெல்லாம் அப்பிக்கும். அது மேல மண்ணு, அது மேல பிளாஸ்டிக். முதல் மழைக்கு எங்க சந்துலயே முழங்கால் தண்ணி. கடைக்குள்ள தண்ணி வந்து அரிசி மூட்டை நனைஞ்சப்போ அது யாரோட எண்ணெய்ன்னு யோசிக்கவே வேணாம், பக்கத்துல வேற ஓட்டலே கிடையாது.

இப்ப பாத்திரம் கழுவுற இடத்துக்குக் கூரை போட்டு, சுத்தி ஒரு செங்கல் உயரத்துக்கு வரம்பு கட்டி, கிரீஸ் டிராப் வெச்சு, அதுக்கப்புறம்தான் செப்டிக் டேங்க். அரிசி கழுவுற கழுநீரை மாடு வெச்சிருக்குற அம்மா வந்து எடுத்துட்டுப் போறாங்க. டிராப்பை வாரத்துக்கு ரெண்டு தடவை தொறந்து மேல மிதக்குற கொழுப்பை அள்ளணும். அந்த நாத்தத்தை இங்க எழுத முடியாது, பசங்க யாரும் அந்த வேலைக்கு ஒத்துக்கல, நானே ஒரு துண்டை மூக்குல கட்டிட்டு நின்னு செய்ய வெப்பேன். போர்டுக்காரங்க வந்தப்போ டிராப்பைப் பார்க்கலை, அள்ளின தேதி எழுதின நோட்டைத்தான் மொதல்ல கேட்டாங்க.

#7 வாட்டர்வாஷ்காரன்

பாண்டி அண்ணே, சார், அக்கா எல்லாருக்கும் நன்றி. பைப்பு வாயில செங்கல் வெச்சு சிமென்ட் பூசியாச்சு, போட்டோவும் எடுத்தாச்சு. இப்ப மணல் குழி ரொம்பி ராம்ப்புல தண்ணி நிக்குது. கார் வாஷ் நிறுத்திட்டு பைக் மட்டும் பண்றோம்.

@மெஸ்மீனாட்சி அக்கா, உங்களுக்கு அபராதம் போட்டாங்களா?

#8 மெஸ்மீனாட்சி

போட்டாங்க தம்பி. கட்டிட்டேன். ரசீது வாங்கி ஃபைல்ல வெச்சிருக்கேன்.

#9 ஓய்வுபெற்றபொறியாளர்

சொன்னபடி எழுதுகிறேன்.

நியாயஸ்தனுக்கு முதலில். எண்ணூரில் நடந்ததும் அடிப்படையில் மழைநீர் மாசுதான். எண்ணெய் வளாகத்துக்குள் இருந்தவரை அது ஆலையின் பிரச்சினை. வெள்ளத்தோடு மதிலைத் தாண்டியதும் கால்வாயின் பிரச்சினை, பிறகு மீனவரின் பிரச்சினை. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே அதைக் கையில் எடுத்தது. பெரியவன் தப்புவதைக் கேள்வி கேளுங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், நான்கூட வரைவு எழுதித் தருகிறேன். ஆனால் ஒரு தெரு வடிகாலில் ஓடுவது அந்தத் தெருவில் இருப்பவர்கள் விட்டதுதான். தென்சென்னைப் புறநகர் வடிகால்களில் பெரும்பகுதி ஏரிகளுக்குப் போகிறது. கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்கிறது. உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது அது. பாதாளச் சாக்கடைத் தண்ணீருக்காவது முடிவில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் உண்டு. மழைநீர் வடிகாலின் முடிவில் ஒன்றுமே கிடையாது. விட்டது விட்டபடி போய்ச் சேரும். சோதனைக்கு வருகிறவர்கள் மழையில்லாத நாளில் வருவதற்கும் இதுதான் காரணம். வெயில் நாளில் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது யாரோ விட்டது. மேல்நோக்கி ஒவ்வொரு ஸ்லாப்பாகத் தூக்கிக்கொண்டே போனால் பைப்பு அகப்பட்டுவிடும். சந்தேகம் இருந்தால் கடைக்குள் சாயப்பொடியைக் கரைத்து ஊற்றி, வெளியே நிறம் வருகிறதா என்று பார்ப்பார்கள்.

இனி வாரியத்தின் பக்கம். மாசின் அளவுக்கு ஏற்பத் தொழில்களை நிறம் வாரியாகப் பிரிக்கும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2016 பட்டியலில் வண்டி சர்வீஸ், பெயின்ட் வேலை எல்லாம் ஆரஞ்சு வகை. 2025-இல் வகைப்படுத்தலைத் திருத்தியிருக்கிறார்கள், எனவே விண்ணப்பிக்கும்போது இப்போதைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் வாரியத்தின் இசைவாணை, அதாவது எழுத்து அனுமதி, வேண்டும். நிறுவ ஒன்று, இயக்க ஒன்று. உங்களிடம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் மழைநீருக்கென்று தனி உரிமம் கிடையாது. மழைநீர் ஓடும் வழியும் கழிவுநீர் ஓடும் வழியும் கலக்கக் கூடாது என்பது அந்த இசைவாணை நிபந்தனைகளிலேயே இருக்கும்.

நாள் கணக்குதான் முக்கியம், தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுக்கச் சொன்னதும் அதற்காகத்தான். காரணம் பணம். சுற்றுச்சூழல் இழப்பீட்டுக்கு மத்திய வாரியம் ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறது. தொழிலின் மாசுக் குறியீடு, மீறல் நீடித்த நாட்கள், ஒரு ரூபாய்க் காரணி, தொழிலின் அளவு, ஊரின் அளவு ஆகிய ஐந்தையும் பெருக்க வேண்டும். ஆரஞ்சு வகைக்குக் குறியீடு 50, ரூபாய்க் காரணி பொதுவாக 250, சிறுதொழிலுக்கு 0.5. மக்கள்தொகை 10 லட்சத்துக்குக் குறைவான ஊர் என்றால் ஊர்க் காரணி 1. பெருக்கினால் ஒரு நாளுக்கு 6,250 ரூபாய். பெரிய நகரம் என்றால் இன்னும் கூடும். எவ்வளவு சின்னக் கடையானாலும் நாளுக்கு 5,000-க்குக் கீழே போகாது. எல்லாக் கடைமீதும் இதைப் போடுகிறார்கள் என்று சொல்லவில்லை. போட்டால், மீறல் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து, சரிசெய்ததை வாரியம் பார்த்து உறுதிசெய்த நாள் வரை எண்ணுவார்கள். நீங்கள் சரிசெய்ததை எழுத்தில் தெரிவிக்காவிட்டால் அவர்களாக அடுத்த முறை வந்து பார்க்கும்வரை நாள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே அடைத்த போட்டோவோடு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரையும் வாங்குங்கள். இரண்டையும் செய்யுங்கள்.

#10 நியாயஸ்தன்

மனு வரைவு எழுதித் தாங்க சார். எங்க பம்பிங் ஸ்டேஷனுக்குப் போடுறேன். நிஜமாத்தான் கேக்குறேன்.

#11 பிளம்பர்பாண்டி

இப்ப என் பக்கம். இந்த மாதிரி கடைங்களுக்கு மூணு தொட்டி கட்டிக் குடுத்திருக்கேன், அதனால அனுபவத்துல சொல்றேன்.

மொதல்ல கூரை. வாஷ் பண்ற இடத்து மேல மழையே விழக் கூடாது. 1,000 சதுர அடி திறந்த இடத்துல 25 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 2,300 லிட்டர் தண்ணி. ஒரே மழை. நீங்க எவ்ளோ பெரிய தொட்டி கட்டினாலும் மழை உள்ளே வந்தா எல்லாம் பொங்கி, மேல மிதக்குற எண்ணெய்தான் மொதல்ல வெளிய போகும். வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் பெய்யுற ஊர் இது, அதுல பாதிக்கு மேல ஐப்பசி, கார்த்திகையை ஒட்டின மாசங்கள்லயே கொட்டிடும். ஷீட் போடு, சுத்தி வரம்பு கட்டு, வண்டி ஏறுற பக்கம் வரம்பைச் சரிவா மேடு பண்ணிடு. ஷீட் தண்ணியைத் தனி பைப்புல எடுத்து அந்த சேகரிப்புக் குழிக்கு விடலாம், அது சுத்தமான தண்ணி.

அப்புறம் தொட்டி, உள்ளே மூணு அறை. மொத அறையில மண்ணு தங்கும். ரெண்டாவதுல எண்ணெய் மேல மிதக்கும். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல பைப்பு கீழ்நோக்கி வளைஞ்சிருக்கணும், அதாவது தண்ணியை அடியிலேருந்து எடுக்கணும். நிறைய பேரு இங்கதான் கோட்டை விடுறாங்க, சுவத்துல மேல ஒரு ஓட்டையைப் போட்டு விட்டுடுவாங்க. அப்புறம் மூணு அறை கட்டியும் ஒரு பிரயோஜனம் இல்ல. அளவுக்கு உங்க பம்ப்பை ஒரு பக்கெட்ல புடிச்சுப் பாருங்க. நிமிஷத்துக்கு 10 லிட்டர்னு வெச்சுக்குவோம், தண்ணி அரை மணி நேரமாவது அசையாம நிக்கணும்னா அந்த எண்ணெய் அறை மட்டும் 300 லிட்டர். நான் அதுக்கு ரெண்டு மடங்காக் கட்டச் சொல்லுவேன், ஏன்னா மண்ணு அள்ள யாருக்கும் நேரம் இருக்காது.

ஆனா அண்ணே, தொட்டி மட்டும் கட்டினா வேலைக்கு ஆகாது. வண்டிக்கு அடியில டீசல் ஸ்ப்ரே அடிக்கிறீங்களா?

#12 வாட்டர்வாஷ்காரன்

அடிக்கிறோம். கஸ்டமரே கேட்டு அடிக்கச் சொல்றாங்க, பளபளன்னு இருக்கும்ல.

#13 பிளம்பர்பாண்டி

அதான். டீசலை அடிச்சு, அது மேலயே ஷாம்பு போட்டு பிரஷர்ல அடிச்சா எண்ணெயும் தண்ணியும் பால் மாதிரி கலந்துடும். அப்புறம் எந்தத் தொட்டியிலயும் அது பிரியாது. உங்க வடிகால்ல ஓடின வெள்ளை அதுதான். மொதல்ல கிரீஸைத் தகடு வெச்சு சுரண்டுங்க, பனியன் வேஸ்ட்ல துடைங்க, அப்புறம் தண்ணி. டீசல் ஸ்ப்ரேயை ரேட் கார்டுலேருந்தே எடுத்துடுங்க. ஆயில் சிந்தினா ஹோஸ் போட்டுத் தள்ளாதீங்க, மரத்தூள் தூவிக் கூட்டி அள்ளுங்க. அதையும் பனியன் வேஸ்ட்டையும் தனி டப்பாவுல போடணும், குப்பை வண்டியில போடக் கூடாது.

#14 சிங்கைமெக்கானிக்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் சிங்கப்பூரில் வொர்க்‌ஷாப் ஒன்றில் வேலை செய்கிறேன், சொந்த ஊர் அறந்தாங்கி பக்கம். பாண்டி அண்ணன் சொன்ன கூரை, வரம்பு இரண்டும் இங்கே கட்டாயம். கழுவும் இடம் மழைபடாமல் மூடியிருக்க வேண்டும், தண்ணீர் மண் தொட்டி, எண்ணெய் தொட்டி தாண்டிச் சாக்கடைக்குத்தான் போக வேண்டும். ரோட்டோர வடிகாலில் ஒரு வாளி சோப்புத் தண்ணீர் ஊற்றினால்கூட கேள்வி வரும். இந்தத் தீவில் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழை வடிகால் வழியாக நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகிறது. வடிகாலில் விட்டதைத்தான் பிறகு குடிக்கிறோம். கட்டுமான இடங்களிலிருந்து மழைக்கு வெளியேறும் சேற்றுத் தண்ணீரில்கூட லிட்டருக்கு 50 மில்லிகிராம் வண்டலுக்கு மேல் போகக் கூடாது. வெளியேறும் இடத்தில் கேமரா வைத்திருப்பார்கள்.

இங்கே வந்த புதிதில் எங்கள் சூப்பர்வைசர் வேலை சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் எந்த மூடி சாக்கடை, எந்த மூடி வடிகால் என்று நடத்திக் காட்டினார்.

#15 காசிமேட்டான்

சிங்கப்பூர்ல சாக்கடை இருக்கு சார், கனெக்‌ஷன் குடுக்குறான். இவரு ஏரியால அதுவே இல்லயே. அதைச் சொல்லுங்க மொதல்ல.

#16 ஓய்வுபெற்றபொறியாளர்

காசிமேட்டான் கேட்டது சரியான கேள்வி. பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் வழி இரண்டுதான்: திரும்பப் பயன்படுத்துவது, மிச்சத்தை லாரியில் அனுப்புவது. மூன்றாவது அறைக்குப் பிறகு ஒரு மணல் வடிகட்டி வைத்தால் அந்தத் தண்ணீரை அடுத்த வண்டியின் முதல் அலசலுக்கு எடுக்கலாம். கடைசி அலசலுக்கு மட்டும் புதுத் தண்ணீர். தண்ணீர் லாரிக்குக் கொடுக்கிற காசும் குறையும். தேங்குகிற கசட்டை உரிமம் பெற்ற கழிவுநீர் லாரிக்குக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீது தராத லாரி எங்கே கவிழ்க்கும் என்பதை நியாயஸ்தன் ஏற்கனவே சொல்லிவிட்டார்.

எண்கள் தெரிந்திருப்பது நல்லது. நீர்நிலைக்கு விடும் கழிவுநீரில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 10 மில்லிகிராம், மிதக்கும் வண்டல் 100, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (தண்ணீரில் உள்ள அழுக்கு மட்கும்போது உறிஞ்சும் ஆக்சிஜனின் அளவு) 30 என்பது பொதுத் தரம். பாதாளச் சாக்கடைக்கு என்றால் எண்ணெய் 20, வண்டல் 600, ஆக்சிஜன் தேவை 350 வரை ஒப்புவார்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சாக்கடைக்கு ஏற்ற தண்ணீர் வடிகாலுக்கு ஏற்றதல்ல.

வாரியத்தார் வந்தால் தடுக்காதீர்கள். எந்த நேரத்திலும் உள்ளே வந்து பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. மாதிரி எடுத்தால் அதற்கும் முறை உண்டு: அந்த இடத்திலேயே உங்களுக்கு அறிவிப்புத் தர வேண்டும், உங்கள் முன்னால் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். நீங்கள் கேட்டால் இரண்டாவது பாகம் வேறு அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்குப் போகும். கேளுங்கள். பலர் கேட்பதில்லை. இந்த முறைப்படி எடுக்காத மாதிரியின் முடிவு வழக்கில் சாட்சியாக நிற்காது. அதை நம்பி மெத்தனமாக இருந்துவிடாதீர்கள், மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் அதிகாரம் அதே 1974 சட்டத்தின் 33-ஏ பிரிவில் தனியாக இருக்கிறது.

#17 நொய்யல்கரை

வணக்கமுங்க. திருப்பூர்ப் பக்கம் இருந்து எழுதறேன். இந்தப் பேச்செல்லாம் படிக்கையில எங்கூருக் கதையைச் சொல்லாம இருக்க முடியலீங்க. 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் சொல்லி 700-க்கும் மேல சாயப்பட்டறைய ஒரே அடியா மூடினாங்க. சொட்டுத் தண்ணி வெளிய உடாம சுத்திகரிக்கோணும்னு அதுக்கு முன்னாடியே சொல்லியிருந்தாங்க, மூடுனதுக்கு அப்புறந்தான் அது நெசமா நடைமுறைக்கு வந்துச்சு. ஒழுங்காப் பண்ணுறவங்க நெறையப் பேரு இருக்கறாங்க, அவங்க படற செலவு அவங்களுக்குத்தான் தெரியும். ஆனா மழைன்னு ஒண்ணு வந்துதுன்னா போதுமுங்க, சில பேரு இருட்டுல தொறந்து உட்டுருவாங்க. மழைத்தண்ணியோட கலந்துருச்சுன்னா யாரு கண்டுபுடிக்கறதுன்னு ஒரு நெனப்பு. நொய்யல்ல நுரை மலையாட்டம் போகுதுன்னு பேப்பர்ல போட்டோ வரும், ஊரே சோப்பு போட்டுக் குளிச்ச தண்ணின்னு சொல்லுவாங்க. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குன்னு கட்டுனது, சாயத்தண்ணி தேக்கற இடமாப் போச்சு. கீழ இருக்கற தென்னந்தோப்புக்காரங்களைக் கேட்டுப் பாருங்க.

நான் சொல்ல வந்தது ஒண்ணுதானுங்க. உங்க தொட்டியில கசடு சேந்து போய், லாரிக்காரன் வரல, வெளிய மழை பேயுதுன்னா அப்பத்தான் கை பரபரங்கும். அந்த பைப்பை செங்கல் வெச்சு மட்டும் அடைக்காதீங்க, வடிகால் பக்கத்துலயும் தோண்டி எடுத்துப்போடுங்க. இருந்தா ஒரு நாளைக்குத் தொறக்கத் தோணும்.

#18 கிரானைட்கடை

நல்ல இழை. எங்களுக்கும் இது பொருந்தும்னு நெனைக்கிறேன். கிரானைட், டைல்ஸ் கட் பண்ற கடை. கட்டிங் மெஷின் தண்ணி வெள்ளைச் சேறா வடிகாலுக்குத்தான் போகுது. இது வெறும் கல்லுப் பொடிதானே, விஷம் ஒண்ணும் இல்லையே?

#19 பிளம்பர்பாண்டி

விஷம் இல்ல, கல்லு! அதான் பிரச்சினை. காஞ்சா வடிகால் அடியில தளம் போட்ட மாதிரி இறுகிடும், அப்புறம் கடப்பாரைதான். மூணு சின்னத் தொட்டி வரிசையா வெச்சுத் தெளியவிட்டு, அதே தண்ணியை மெஷினுக்குத் திருப்பி விடுங்க. உங்களுக்கு எண்ணெய் இல்ல, அதனால ஈசி. சேறு காஞ்சதும் மூட்டை கட்டிக் கட்டடக் கழிவு எடுக்குற இடத்துக்கு அனுப்புங்க. பக்கத்துல கான்கிரீட் மிக்சர் கழுவுறவன் இருந்தா அவனுக்கும் சொல்லுங்க, சிமென்ட் தண்ணியோட காரத்தன்மை, அதாவது பி.எச்., 12 வரைக்கும் போகும். வெளிய விடுறதுக்கு வரம்பு 9.

#20 மெஸ்மீனாட்சி

பொரிச்ச எண்ணெய் பத்தி யாரும் கேக்கலை, ஓட்டல்காரங்க படிச்சா உதவட்டும்னு போடுறேன். 2018-லேருந்து உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெச்சிருக்குற வரம்பு 25 சதவீதம். போலார் காம்பவுண்டுன்னு ஒண்ணு, எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் காய்ச்ச ஏறும். தாண்டினா அந்த எண்ணெயில பொரிக்கக் கூடாது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல பொரிக்கிறவங்க கணக்கு நோட்டு வெக்கணும். கழிச்ச எண்ணெயை வடிகால்ல ஊத்தாம பயோடீசலுக்கு வாங்குறவங்களுக்குக் குடுக்கலாம், காசும் வரும். ஆனா ரசீதோட வாங்குறவங்களுக்கு மட்டும் குடுங்க. மத்தவங்க வாங்கிட்டுப் போய் தள்ளுவண்டிக்கு வித்துடுவாங்க, அது இன்னொரு பாவம்.

#21 மன்றநெறியாளர்

தொலைபேசி எண்களும் லாரி உரிமையாளர் பெயர்களும் பதிவில் வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

#22 வாட்டர்வாஷ்காரன்

கொஞ்சம் லேட்டாப் பதில் போடுறேன், வேலை ஓடிட்டு இருக்கு. கடை போட்டோவும் சேர்த்திருக்கேன்.

கடிதம் குடுத்தாச்சு, முத்திரையும் வாங்கியாச்சு. நொய்யல்கரை அண்ணன் சொன்ன மாதிரி பைப்பையே தோண்டி எடுத்துட்டோம், உள்ளாட்சி ஆள் முன்னாடியே. ஓனரு மொதல்ல முறைச்சாரு. நாள் கணக்கு வாய்ப்பாட்டைக் காட்டினேன், ஷீட் செலவுல பாதி தர்றேன்னு ஒத்துக்கிட்டாரு. தொட்டி கட்டிட்டு இருக்கோம், வளைவு பைப்பு அடியிலேருந்துதான் எடுக்குறோம் பாண்டி அண்ணே. டீசல் ஸ்ப்ரே நிறுத்திட்டேன். ரெகுலர் கஸ்டமர் ரெண்டு பேரு பக்கத்துத் தெருக் கடைக்குப் போயிட்டாங்க, அங்க இன்னும் அடிக்கிறான்.

வாரியத்துலேருந்தும் ஒருத்தர் வந்து பார்த்தாரு. நல்லாத்தான் பேசினாரு. இசைவாணைக்கு ஆன்லைன்ல விண்ணப்பிக்கச் சொன்னாரு. மழைத்தண்ணி வழி, கழிவுத்தண்ணி வழி ரெண்டையும் வேற வேற கலர்ல போட்ட வரைபடம் ஒண்ணு, லாரி ரசீது, மண்ணு அள்ளின நோட்டு கேட்டாரு. கடைசியா கழிவு ஆயிலை யாருக்குக் குடுக்குறீங்கன்னாரு. வழக்கமா கேன்ல வந்து வாங்கிட்டுப் போறவரு கிட்ட எந்தப் பேப்பரும் கிடையாது. அதுக்கு ஃபார்ம் 10 வேணும்ங்கறாரு. அது என்ன சார்?

#23 ஓய்வுபெற்றபொறியாளர்

கழிவு ஆயில் அபாயகரக் கழிவு. 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கு மட்டுமே கொடுக்கலாம். எடுத்துப் போகும்போது வண்டியோடு போகிற ஆவணம்தான் ஃபார்ம் 10. ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். அனுமதி பெற்றவர்கள் பட்டியல் வாரியத்தின் இணையதளத்தில் கிடைக்கும். நீங்கள் சேர்க்கிற அளவுக்குத் தனியாக வண்டி அனுப்ப யாரும் மெனக்கெட மாட்டார்கள். அக்கம்பக்கத்து சர்வீஸ் கடைகளோடு பேசி, ஒரே நாளில் எல்லாக் கடைக்கும் வண்டி வருகிற மாதிரி ஏற்பாடு செய்யுங்கள். ஆவணம் மட்டும் கடைக்கு ஒன்றாகத் தனித்தனியே இருக்கட்டும். 90 நாளுக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது, அந்தக் கெடுவுக்குள் வண்டி வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தெருக் கடைக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவருக்கும் நோட்டீஸ் வர நாளாகாது.

#24 வாட்டர்வாஷ்காரன்

பேசிப் பார்க்குறேன் சார். இன்னொண்ணு, ஆயில் ட்ரம் இப்ப வெளிய திறந்த இடத்துல இருக்கு. ஷீட்டுக்குள்ள கொண்டு வரணுமா? உள்ளே இடமே இல்ல.

#25 பிளம்பர்பாண்டி

வரணும். ட்ரம்முக்கு அடியில ஒரு ட்ரே வைங்க, ட்ரம் ஓட்டையானா மொத்த ஆயிலையும் புடிக்கிற அளவுக்குப் பெருசா. வாஷ் பண்ற பக்கம் வேணாம், டயர் அடுக்கி வெச்சிருக்கீங்கன்னு போட்டோவுல தெரியுதே, அந்த மூலையைக் காலி பண்ணுங்க. டயருக்குள்ளயும் மழைத்தண்ணி நிக்குது, அடுத்து கொசுவுக்கு ஒரு நோட்டீஸ் வரப் போகுது.